பனிச்சறுக்கு தெரியாத குடும்பம் ஜப்பானின் பனிமலைக்குப் போனால் என்ன செய்யலாம்?

திருநகர் தமிழாசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை திருநகரில் வசிக்கிறேன். பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். என் தம்பி மூன்று ஆண்டுகளாக டோக்கியோவில் வேலை பார்க்கிறான். வருகிற சனவரியிலோ பிப்ரவரியிலோ நாங்கள் குடும்பத்தோடு வந்து பத்து நாள் தங்கிப் போகவேண்டும் என்று தொலைபேசியில் பேசும்போதெல்லாம் வற்புறுத்துகிறான். அவனுக்கும் அவன் மனைவிக்கும் பனிச்சறுக்கில் தீராத ஆர்வம் என்பதால், அந்தப் பத்து நாளில் பாதியை ஏதேனும் ஒரு பனிச்சறுக்கு ஊரில் கழிக்கலாம் என்பது அவர்களுடைய திட்டம்.

எங்கள் நிலைமை வேறு. நான், என் கணவர், ஒன்பது வயது மகள், அறுபத்தெட்டு வயதான என் அம்மா என்று நால்வர் புறப்படுகிறோம். நால்வரில் ஒருவரும் பனி பொழிந்து பார்த்ததில்லை. ஒருமுறை மார்கழி விடியலில் கொடைக்கானலில் புல்லின் மீது வெள்ளையாகப் படிந்திருந்த உறைபனியைத் தொட்டுப் பார்த்ததுதான் எங்களுக்கும் பனிக்கும் உள்ள தொடர்பு. அம்மாவுக்கு மூட்டுவலி இருக்கிறது, படியேறுவது சிரமம், சுத்த சைவம். மகளுக்குப் பனியில் விளையாட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. என் கணவர் ஒருநாள் சறுக்கிப் பார்க்கலாம் என்கிறார்.

என் கவலை இதுதான். தம்பியும் அவன் மனைவியும் காலையில் மலைக்குப் போய்விட்டால், மாலை வரை நாங்கள் ஓட்டல் அறைக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க நேருமோ? அப்படியென்றால் குளிர்காலத்தை விட்டுவிட்டு வேறு மாதத்தில் போகலாமா? போவதுதான் நல்லதென்றால், எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது, அங்கே சறுக்காதவர்கள் பார்க்கவும் செய்யவும் என்னென்ன இருக்கின்றன என்பதைச் சென்று வந்தவர்கள் விரிவாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.


வில்லாபுரத்துக்காரன் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். வேலை நிமித்தமாக நான்கு குளிர்காலங்களை நாகனோ நகரில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். பனிச்சறுக்கு நானும் கற்றுக்கொண்டேன்; ஆனால் இன்றைக்கு நினைத்தாலும் மனம் நிறைகிற காட்சிகளில் பெரும்பாலானவை சறுக்குக் கட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருவில் நடந்தபோது கண்டவை. ஆகவே தயங்காமல் குளிர்காலத்திலேயே போங்கள். தம்பியிடம் மட்டும் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுங்கள்: எந்த மலையில் நீளமான சரிவு இருக்கிறது என்று பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, சரிவின் அடிவாரத்தில் தெருவும் கோயிலும் கடையும் மக்களும் உள்ள உண்மையான ஊர் எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல சரிவு அந்த நாட்டில் எத்தனையோ இடங்களில் கிடைக்கும். ஊர் சார்ந்த மலை சில இடங்களில்தான் கிடைக்கும். மலை நடுவே தன்னந்தனியாக நிற்கும் பெரிய ஓட்டலில் அறை எடுத்துவிட்டால், நீங்கள் அஞ்சுவது அப்படியே நடந்துவிடும்.

அங்கே ஏன் அவ்வளவு பனி கொட்டுகிறது என்பதை நம் ஊரை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்; அது தெரிந்தால் பயணத்தைத் திட்டமிடுவதும் எளிது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கேரளப் பக்கத்தில் மழையாகக் கொட்டித் தீர்த்துவிட்டு, நம் பக்கம் வெறும் காற்றாக இறங்குகிறது. குமுளியில் குடை பிடித்தவர் கம்பத்துக்கு வருவதற்குள் குடையை மடக்கிவிடுகிறார். ஜப்பானில் குளிர்காலத்தில் நடப்பதும் இதுதான். சைபீரியாவிலிருந்து கிளம்பும் கடுங்குளிர்க் காற்று, அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும் ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, ஹொன்ஷூ தீவின் நடுவே நீண்டு கிடக்கும் மலைகளில் மோதி மேலெழுந்து, கடலைப் பார்த்த பக்கத்தில் பனியாகக் கொட்டுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் டோக்கியோ நம் தேனி, மதுரையைப் போல மழைமறைவில் தெளிந்த வெயிலோடு இருக்கும். அதனால்தான் டோக்கியோவில் வெயிலில் ரயிலேறியவர், இரண்டு மணி நேரத்துக்குள் ஆளுயரப் பனியின் நடுவே இறங்க முடிகிறது.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லும் ஊர், நாகனோ மாவட்டத்தில் உள்ள நோசாவா ஒன்சென். டோக்கியோவிலிருந்து ஹொக்குரிக்கு ஷிங்கன்சென் புல்லட் ரயிலில் ஈயாமா நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம். ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. பனிச்சறுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வெந்நீர்க் குளியலுக்காக மக்கள் வந்து தங்கிய கிராமம் அது. ஊருக்குள் பொதுக் குளியல் இல்லங்கள் மட்டும் 13 இருக்கின்றன. அவற்றைக் கிராமத்தாரே முறை வைத்துச் சுத்தம் செய்து பராமரிக்கிறார்கள். கட்டணம் கிடையாது, வாசலில் இருக்கும் பெட்டியில் நாமாக விரும்பிப் போடும் காசுதான். தெருவோரக் கால்வாயில் ஆவி பறக்கும். ஊரின் மேல்பக்கத்தில் ஒகாமா என்று ஒரு கொதிநீர்த் தொட்டி இருக்கிறது. அதன் நீர் ஏறக்குறைய 90 டிகிரி சூட்டில் இருப்பதால், வேலிக்கு உள்ளே போகும் உரிமை ஊராருக்கு மட்டுமே. ஒருநாள் காலை அங்கே நின்றிருந்தேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணிந்த ஒரு மூதாட்டி, வலைப்பையில் கட்டிய கீரையைக் கயிற்றில் இறக்கி, கைக்கடிகாரத்தைக் கூடப் பார்க்காமல் சரியான பதத்தில் தூக்கி, பனிமேல் ஒரு தட்டு தட்டி நீரை வடித்துவிட்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போனார். கூரையெல்லாம் பனி கனத்துக் கிடக்க, ஊருக்குப் பொதுவான அடுப்பு மண்ணுக்குள்ளிருந்து எரிவதைப் போல இருந்தது அந்தக் காட்சி.

சனவரியில் போவதானால் 15ஆம் தேதியைக் கணக்கில் வையுங்கள். நமக்குப் பொங்கலோ மாட்டுப் பொங்கலோ வரும் அந்த நாளின் இரவில், நோசாவாவில் தோசோஜின் நெருப்புத் திருவிழா நடக்கிறது. பீச் (beech) என்னும் காட்டு மரங்களை வெட்டி வந்து மரத்தாலேயே ஒரு கோயிலை உயரமாகக் கட்டுகிறார்கள். நாற்பத்திரண்டு வயதானவர்கள் அதன் மேல் ஏறி அமர, இருபத்தைந்து வயதானவர்கள் அடியில் அரணாக நிற்க, மற்ற ஊரார் தீப்பந்தங்களோடு பாய்ந்து அதைக் கொளுத்த முயல்கிறார்கள். அந்த இரண்டு வயதுகளும் கண்டம் உள்ள வயதுகள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இறுதியில் மேலே இருப்பவர்கள் இறங்கியதும் கோயில் முழுவதும் எரிகிறது. கார்த்திகையில் சொக்கப்பனை கொளுத்துவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. கூட்டம் நெருக்கியடிக்கும் என்பதால் அம்மாவைத் தொலைவில் நிறுத்தித்தான் காட்டவேண்டும். தங்குமிடத்தையும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

நோசாவாவிலிருந்து இறங்கி நாகனோ நகரில் இரண்டு இரவு தங்குங்கள். சென்கோஜி கோயிலுக்காகவே அதைச் சொல்கிறேன். ஏழாம் நூற்றாண்டில் தோன்றியதாக மரபு சொல்லும் அந்தப் புத்தர் கோயில் எந்த ஒரு பிரிவுக்கும் மட்டும் உரியதன்று. இப்போதைய பெரிய மண்டபம் 1707இல் கட்டி முடிக்கப்பட்டது. மூலவரை யாருமே பார்க்க முடியாது. அவர்கள் கணக்கில் ஏழாண்டுக்கு ஒருமுறை அதன் பிரதி ஒன்றைத்தான் தரிசனத்துக்கு வைக்கிறார்கள். ஆனால் அந்த மூலவருக்கு நேர் கீழே தரைக்கடியில் ஒரு பாதை போகிறது. படியிறங்கினால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்னும்படியான இருட்டு. வலக்கையை இடுப்பு உயரத்தில் சுவரோடு சேர்த்துத் தடவிக்கொண்டே நடந்தால், ஓரிடத்தில் சில்லென்று ஓர் இரும்புப் பூட்டு கையில் படும். அதைத் தொட்டவருக்கு மூலவரோடு பந்தம் உண்டாகிவிட்டது என்பது நம்பிக்கை. அதைத் தொட்ட கணத்தில் என்னை அறியாமல் கைகூப்பி நின்றுவிட்டேன்; பின்னால் வந்தவர் என் முதுகில் மோதிய பிறகே நகர்ந்தேன்.

அம்மாவுக்கு மூட்டுவலி என்று எழுதியிருக்கிறீர்கள். மண்டபத்தின் உள்ளே பின்சுரு என்ற மரச்சிலை இருக்கும். புத்தரின் சீடரான பிண்டோல பரத்வாஜரைத்தான் ஜப்பானியர் அப்படி அழைக்கிறார்கள். நமக்கு எங்கே வலிக்கிறதோ, சிலையில் அந்த இடத்தைத் தடவிவிட்டுத் தம் உடம்பில் தடவிக்கொள்வது வழக்கம்; நூற்றாண்டுகளாகத் தடவித் தடவிச் சிலையின் முகம் மழுங்கிப் போயிருக்கிறது. விடியற்காலை வழிபாட்டுக்குப் போனால், தலைமைக் குரு மண்டபத்துக்கு நடந்து வரும் வழியில் மண்டியிட்டிருப்பவர்களின் தலையை ஜபமாலையால் தொட்டுக்கொண்டே போவார். குளிர்காலத்தில் அது ஏறக்குறைய காலை ஏழு மணிக்கு நடக்கும். அம்மா நின்றபடியே தலை குனிந்தாலும் போதும்.

நாகனோவிலிருந்து அரைநாள் பயணமாக ஜிகோகுதானி குரங்குப் பூங்காவுக்குப் போய்வரலாம். 1964இல் தொடங்கிய இடம். காட்டுக் குரங்குகள் மலையிலிருந்து இறங்கி வந்து, மூக்குவரை வெந்நீரில் அமிழ்ந்து, தலைமயிரில் பனி படியக் கண்மூடிக் கிடக்கும். அழகர்கோயில் போகிற வழியில் பையைப் பறிக்கும் குரங்குகளைப் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, ஓரடி தூரத்தில் நடந்துபோகிற குரங்கு நம்மைத் திரும்பியும் பார்க்காமல் போவது பெரிய வியப்பாக இருக்கும். உணவு காட்டக் கூடாது, தொடக் கூடாது என்ற விதியை எல்லோரும் கடைப்பிடிப்பதால்தான் அவை அப்படி இருக்கின்றன.


அண்ணாநகர் இரு பிள்ளைகளின் தந்தை எழுதியது:

வில்லாபுரத்து நண்பர் சொன்னவற்றில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணை முன்னிட்டுப் பார்த்தால், ஜப்பானின் வடக்கே உள்ள பெரிய தீவான ஹொக்கைடோவையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நாங்கள் எட்டும் பதினொன்றும் வயதான பிள்ளைகளோடு பிப்ரவரியில் அங்கே போய் வந்தோம். டோக்கியோவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் நியூ சிதோசே விமான நிலையம். அங்கிருந்து ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள் சப்போரோ. ஏறக்குறைய இருபது லட்சம் மக்கள் வாழும் பெருநகரம் ஒன்றில் ஆண்டுக்குச் சுமார் 5 மீட்டர் பனி பொழிகிறது என்பதையும், அதை அள்ளி ஒதுக்கிவிட்டுப் பேருந்தும் பள்ளியும் வழக்கம்போல நடக்கின்றன என்பதையும் நேரில் பார்ப்பதே ஒரு பாடம்.

பிப்ரவரித் தொடக்கத்தில் சப்போரோ பனித் திருவிழா நடக்கிறது. 1950இல் பள்ளி மாணவர்கள் ஓதோரி பூங்காவில் ஆறு பனிச்சிலைகளைச் செய்து வைத்ததில் தொடங்கியது அது. இன்று ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பூங்கா முழுவதும் மாளிகை உயரத்துக்குச் சிலைகள் எழுகின்றன. அதைவிட எங்கள் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது, திருவிழாவின் இன்னொரு களத்தில் இருந்த பனிச் சறுக்குமரம்தான். ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து சரிவில் இறங்குவது, சிறு பலகையில் அமர்ந்து வழுக்கிப் போவது ஆகியவற்றுக்குப் பயிற்சியே தேவையில்லை. பெரும்பாலான பனிச்சறுக்குத் தலங்களில் சிறுவர்களுக்கென்று இப்படித் தனி மைதானம் இருக்கும். உங்கள் மகள் சறுக்கக் கற்க விரும்பினால், ஆங்கிலத்தில் சொல்லித்தரும் பயிற்றுநரிடம் அரைநாள் வகுப்பில் முதலில் சேர்த்துவிடுங்கள். உறவினர் யாரும் கற்றுக்கொடுக்க முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். என் பெரியவன் முதல்நாள் என்னிடம் கற்கப்போய் அழுதுவிட்டான். மறுநாள் பயிற்றுநரிடம் விட்டபோது ஒரு மணி நேரத்தில் கட்டைகளின் முனைகளைச் சேர்த்து ஆப்பு போல வைத்து நிறுத்தப் பழகிவிட்டான்.

அசாஹிகாவா நகரின் அசாஹியாமா உயிரியல் பூங்காவில், தரையில் பனி கிடக்கும் மாதங்களில் பெங்குவின்களை வரிசையாக நடைக்கு அழைத்துப் போகிறார்கள். குளிர்காலத்தில் அவற்றுக்கு உடற்பயிற்சி குறைந்துவிடாமல் இருக்கத் தொடங்கிய வழக்கம் அது. இடையில் தடுப்பு எதுவும் இல்லை. தரையில் ஒரு கோடு மட்டும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் எல்லோரும் குந்தி உட்கார்ந்திருக்க, ஒரு பெங்குவின் வரிசையை விட்டு விலகி என் மகளின் சிவப்புக் கையுறையை அருகில் நின்று பார்த்துவிட்டுப் போனது. வீட்டில் இன்றும் அந்தக் கையுறையை யாரும் துவைக்கக் கூடாது.

சப்போரோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் ஒதாரு என்ற துறைமுக ஊர். 1923இல் கட்டி முடித்த கால்வாய், அதன் கரையில் பழைய கல் கிடங்குகள், கண்ணாடிப் பொருள் செய்யும் பட்டறைகள். பிப்ரவரியில் ஒரு வாரம் மாலைதோறும் அந்தக் கால்வாயில் விளக்குகளை மிதக்க விடுகிறார்கள். தைப்பூசத்தன்று தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து பார்த்த விளக்கொளி நினைவுக்கு வந்து, நானும் என் மனைவியும் வெகுநேரம் பேசாமல் நின்றோம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. மகள் பனியுருண்டை பிடிக்க ஆசைப்படுவாள்; ஹொக்கைடோவில் நல்ல குளிர் நாளில் பொழியும் பனியில் ஈரம் மிகக் குறைவு. கையில் எடுத்தால் அரிசிமாவு போலப் பொலபொலவென்று உதிரும், உருண்டையாகாது. சறுக்குபவர்கள் உலகெங்கிலுமிருந்து நிசேகோவுக்கு வருவது இந்தப் பனிக்காகத்தான். பொம்மை செய்ய வேண்டுமானால் சற்றே வெதுவெதுப்பான நண்பகல் வரை காத்திருக்க வேண்டும்.


கோச்சடை இல்லத்தரசி எழுதியது:

அக்கா, நீங்கள் பெரியவரை அழைத்துப் போகிறீர்கள் என்பதால் இரண்டு செய்திகளை மட்டும் விரிவாக எழுதுகிறேன்: சாப்பாடும் குளியலும். நாங்கள் என் மாமியாரோடு போய் இரண்டிலும் அனுபவப்பட்டோம்.

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்னும் சாறு. சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டை போலக் காயவைத்துச் சீவிய துருவலையும் கடற்பாசியையும் சேர்த்து அதை எடுக்கிறார்கள். நம் மாசிக் கருவாட்டுக்கு அது நெருங்கிய உறவு. துண்டு மீன் எதுவும் கண்ணில் படாது என்பதால், பரிமாறுபவர்கள் அதை அசைவமாகவே நினைப்பதில்லை. நாங்கள் தங்கிய ஒரு விடுதியில் சைவம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தும், முதல்நாள் இரவு டோஃபுவும் கீரையும் அந்தச் சாற்றில் மிதந்து வந்தன. மாமியார் கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனதும் வாசனையிலேயே கண்டுகொண்டு கீழே வைத்துவிட்டார். அன்றிரவு வெறும் சோற்றில் பருப்புப்பொடி போட்டுச் சாப்பிட்டார். ஆகவே வெறுமனே சைவம் என்று சொல்லாமல், “இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் வேண்டாம், கடற்பாசிச் சாறு மட்டும் என்றால் சரி” என்று உங்கள் தம்பியைக் கொண்டு ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கி, பதிவு செய்யும்போதே அனுப்புங்கள், அச்சிட்ட தாள் ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.

கடைகளில் தைரியமாக வாங்கக் கூடியவையும் உண்டு. உப்பில் ஊறிய உமே காயை நடுவில் வைத்த சோற்றுருண்டை நம் ஊறுகாய்ச் சாதத்தை நினைவூட்டும். குளிர்காலத்தில் பல கடைகளில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுடச்சுட வைத்திருப்பார்கள். அவ்வளவு இனிப்பான கிழங்கை நான் உண்டதில்லை. நாகனோவில் ஒயாகி என்று ஒன்று கிடைக்கும்: மாவைத் தட்டி உள்ளே பூசணிக்காயோ இனிப்புப் பயறோ வைத்து வேகவைத்தது, கொழுக்கட்டையின் தங்கை என்றே சொல்லலாம். காய்கறி வைத்ததில் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். பயறு வைத்ததில் அந்தக் கவலை குறைவு.

இங்கிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ரசப்பொடி, அப்பளம் எடுத்துப் போகலாம். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், பழம் போன்றவற்றை உரிய சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். நம் வீட்டு மின்சாரக் குக்கரையும் கெட்டிலையும் சுமக்க வேண்டாம். அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட் மட்டுமே என்பதால் அவை சரியாகச் சூடேறா. சமையலறையோடு கூடிய வாடகை வீடு எடுத்தால் பெரும்பாலும் அரிசி வேகவைக்கும் கருவி இருக்கும். அதைக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

இனிக் குளியல். வெந்நீர் ஊற்றுக் குளியலில் ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. ஆனால் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும். முதலில் குட்டையான முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகே தொட்டியில் அமரவேண்டும். தொட்டி நீரில் சோப்போ துண்டோ படக் கூடாது. கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். நம் பெண்களுக்கு முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். அதற்கு வழி, ஒரு மணி நேரம் போலக் குடும்பத்துக்கு மட்டும் பூட்டிக்கொடுக்கும் தனிக் குளியலறை. பல விடுதிகளில் உண்டு. என் மாமியாருக்கு அந்தக் காலத்து வழக்கப்படி முன்கையில் கோலம் போலப் பச்சை குத்தியிருக்கும். பச்சை குத்தியவர்களைப் பல பொதுக் குளியலிடங்களில் அனுமதிப்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. வாசலில் இருந்தவர் மிகுந்த பணிவோடு, ஆனால் உறுதியாகத் தடுத்துவிட்டார். பிறகு தனிக் குளியலறை எடுத்தோம். வெளியே பனி விழ, கழுத்துவரை வெந்நீரில் மாமியாரும் நானும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். திருமணமாகிப் பதினாறு ஆண்டில் அவர் தம் சிறுவயதுக் கதைகளை என்னிடம் அவ்வளவு நேரம் சொன்னது அன்றுதான்.

பெரியவர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் வெந்நீரில் இருக்க வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவரானால் இங்கேயே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். நோசாவாவின் பொதுக் குளியல் இல்லங்களில் நீர் மிகவும் சூடாக இருக்கும். அம்மாவுக்கு விடுதிக் குளியல்தான் ஏற்றது. அறை பதிவு செய்யும்போது கட்டிலும் நாற்காலியும் உள்ள அறையாகக் கேளுங்கள். பாய் விரித்த அறையில் தரையில்தான் படுக்கை; மூட்டுவலிக்காரர்கள் எழுவதற்குள் அவதிப்படுவார்கள். யுகாதா என்ற பருத்தி அங்கியைக் கொடுப்பார்கள். உடுத்தும்போது இடப்பக்கத் துணி மேலே வரவேண்டும். வலப்பக்கத்தை மேலே போடுவது இறந்தவருக்கு உடுத்தும் முறை.


திருநகர் தமிழாசிரியை எழுதியது:

மூவருக்கும் மனம் நிறைந்த நன்றி. நீங்கள் எழுதியதை நேற்றிரவு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மகள் பெங்குவினைப் பற்றி மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். அம்மா அதுவரை வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மூட்டைத் தடவும் சிலையைப் பற்றிக் கேட்டதும், “பிண்டோல பரத்வாஜரா?” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, கம்பளிச் சால்வையைத் தேட ஆரம்பித்துவிட்டார். அவர் மனம் மாறியதே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

தம்பியோடு பேசி, பிப்ரவரி முதல் பாதியில் டோக்கியோவில் இரண்டு நாள், நோசாவாவில் நான்கு இரவு, நாகனோவில் இரண்டு இரவு, மீண்டும் டோக்கியோ என்று முடிவு செய்திருக்கிறோம். ஹொக்கைடோவையும் சேர்த்தால் அம்மாவுக்கு அலைச்சல் அதிகமாகும்; பெங்குவினை மகளுக்கு இன்னொரு பயணத்துக்கு என்று வாக்களித்திருக்கிறேன். குரங்குப் பூங்காவுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், அம்மாவால் முடியுமா, காலணி எப்படி இருக்க வேண்டும் என்பவை மட்டும் தெளிவாகவில்லை. சறுக்காதவர்கள் மலையுச்சிக்கு ஏறிப் பார்க்க வழி உண்டா?


வில்லாபுரத்துக்காரன் எழுதியது:

நல்ல திட்டம். குரங்குப் பூங்காவுக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து சிறிது தூரம் மேலேறி, பிறகு காட்டுப் பாதையில் ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பாதை பெரும்பாலும் சமதளம்தான். ஆனால் பலர் மிதித்து இறுகிய பனி கண்ணாடி போல வழுக்கும், முடிவில் படிகளும் உண்டு. அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். பாதை தொடங்கும் இடத்தருகே உணவகம் இருக்கிறது. உங்களில் ஒருவர் அவரோடு அங்கே இருக்கலாம். இல்லையென்றால் அந்த அரைநாள் அவர் நாகனோவில் சென்கோஜி செல்லும் கடைத்தெருவில் இருப்பது இன்னும் நல்லது.

காலணிக்கு அடிப்பாகம் ஆழமாக வெட்டிய ரப்பராக இருக்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் வரவேண்டும். நீர் புகக் கூடாது. அதன்மேல் கழற்றி மாட்டும் முள் பட்டைகள் அங்கேயே கடைகளில் கிடைக்கும், நால்வருக்கும் வாங்குங்கள். அடியைச் சிறிதாக வைத்து, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி நடக்கப் பழகுங்கள். கைகளைச் சட்டைப்பையில் விடாதீர்கள். ஜீன்ஸும் பருத்திக் காலுறையும் நனைந்தால் காய்வதில்லை. கம்பளிக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் புகாத மேலாடையையும் கால்சட்டையையும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். மகளுக்கும் உங்கள் கணவருக்கும் அங்கே வாடகைக்கே கிடைக்கும். தெருவில் நடக்கும்போது கூரை விளிம்பின் கீழே நிற்கவோ நடக்கவோ கூடாது. வெயில் பட்டதும் கூரைப்பனி மொத்தமாகச் சரிந்து விழும். அதன் எடை சாதாரணமன்று. இதை மகளுக்கு முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

உச்சிக்குப் போக, நடந்து வருபவர்களுக்கென்று கோண்டோலா (கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் பெட்டி) சீட்டு விற்கிறார்களா என்று அன்று காலையில் நுழைவிடத்தில் கேளுங்கள். நாற்காலி லிஃப்டை விட, கதவு மூடிய கோண்டோலா அம்மாவுக்குப் பாதுகாப்பு. மேகமில்லாத காலையாகப் பார்த்து ஏறுங்கள். தம்பி சறுக்கும் நாளில் உங்கள் கணவர் பயிற்சி வகுப்பில் சேரலாம். நீங்கள் மூவரும் ஊருக்குள் இருக்கும் ஜப்பான் பனிச்சறுக்கு அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். 1911 சனவரியில் தியோடர் ஃபான் லெர்ஹ் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி, பக்கத்து மாவட்டத்தில் உள்ள தகாதா என்ற ஊரில் ஜப்பானியப் படையினருக்குக் கற்றுக்கொடுத்ததிலிருந்துதான் அந்த நாட்டில் பனிச்சறுக்கு பரவியது. 1998இல் நாகனோ குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தியபோது, சறுக்கிக்கொண்டே துப்பாக்கி சுடும் போட்டிகள் நோசாவாவில்தான் நடந்தன.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு பனியில் நடக்க முயலாதீர்கள். டோக்கியோ ஓட்டலிலேயே கொடுத்தால், மறுநாள் நோசாவா விடுதிக்குக் கூரியரில் வந்து சேர்ந்துவிடும். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்லும் படத்தை எங்கும் பார்ப்பீர்கள், அந்த நிறுவனத்தின் சேவைதான் அது. ஓரிரவுக்கான துணியும் அம்மாவின் மருந்துகளும் கைப்பையில் இருக்கட்டும். தலைக்குத் தேங்காயெண்ணெய் எடுத்துப் போனால் அகன்ற வாய் உள்ள டப்பாவில் எடுத்துப் போங்கள். முதல் இரவே கல்லாக உறைந்துவிடும், கரண்டியால்தான் எடுக்க முடியும்.